கேட்டு வாங்கும் சிசேரியன்: மருத்துவமனைகளின் சேவை எப்படி இருக்கிறது?

குழந்தையின் தலை கீழே திரும்பியிருக்கிறது. நஞ்சு, அதாவது நஞ்சுக்கொடி, மேலே ஒட்டியிருக்கிறது, வழியை மறைக்கவில்லை. ரத்த அழுத்தம் சரி, சர்க்கரை சரி. சுகப்பிரசவத்துக்குத் தடை என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் அந்தப் பெண் டாக்டரிடம் தெளிவாகச் சொல்கிறார்: "எனக்கு சிசேரியன்தான் வேண்டும்." அந்தச் சொல்லுக்குப் பிறகு மருத்துவமனை என்னென்ன செய்கிறது என்பதைத்தான் இங்கே எடைபோடுகிறோம். மருத்துவக் காரணம் இல்லாமல், தாயின் விருப்பத்தின் பேரில், வலி வருமுன்பே நாள் குறித்துச் செய்யும் அறுவைப் பிரசவம் இது. அவசர சிசேரியனோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இரண்டுக்கும் கத்தி ஒன்று, கணக்கு வேறு.

எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஆபரேஷனைப் பெரும்பாலான மருத்துவமனைகள் நன்றாகவே செய்கின்றன. கர்ப்பப்பையைத் தையல் போட்டு மூட வேண்டும் என்று 1882-ல் ஜெர்மன் மருத்துவர் மாக்ஸ் சாங்கர் எழுதியதிலிருந்து இன்றுவரை பலர் கையில் மெருகேறிய வேலை அது. கோட்டைவிடுவது ஆபரேஷனுக்கு முந்தைய வாரங்களிலும் பிந்தைய நாட்களிலும்தான். ஒரு மருத்துவமனை நல்லதா என்று பார்க்க ஆபரேஷன் தியேட்டரின் விளக்கையும் தரையையும் பார்க்க வேண்டாம். கேட்டவுடன் என்ன பதில் வந்தது, எந்த வாரத்தில் தேதி கொடுத்தார்கள், வீட்டுக்கு அனுப்பும்போது தாளில் என்ன எழுதினார்கள், இந்த மூன்றும் போதும்.

முதல் பதில்

இரண்டு வகை மருத்துவமனைகள் இங்கேயே தோற்றுவிடுகின்றன. "அதெல்லாம் செய்ய மாட்டோம், எல்லாப் பெண்களும் பெற்றுக்கொள்ளவில்லையா?" என்று வாயை அடைப்பது ஒரு வகை. "சரி, எந்தத் தேதி வேண்டும்?" என்று இரண்டே நிமிடத்தில் நாட்காட்டியைத் திருப்புவது இன்னொரு வகை. இரண்டாவது வகை கேட்பவருக்கு இனிமையாக இருக்கும். ஆனால் எங்கள் பார்வையில் இரண்டும் ஒரே தவறு. ஏன் கேட்கிறீர்கள் என்று இரண்டு இடத்திலும் யாரும் கேட்கவில்லை.

அந்த "ஏன்" ரொம்ப முக்கியம். பிரசவ வலிக்குப் பயந்து ஒருவர் கேட்பார். முதல் பிரசவத்தில் ஆயுதம் போட்டு எடுத்து, தையல் பிரிந்து, மாதக்கணக்கில் அவதிப்பட்டவர் கேட்பார். சிறுநீர் கசிவும் அடியிறக்கமும் (கர்ப்பப்பை கீழே சரிவது) வரும் என்று அஞ்சி ஒருவர் கேட்பார். உடல்மேல் நடந்த வன்முறையின் நினைவு மீளும் என்பதால், உள்பரிசோதனையே தாங்க முடியாது என்று ஒருவர் கேட்பார். நாள் தெரிந்தால் மற்ற வேலைகளைத் திட்டமிடலாம் என்று இன்னொருவர் கேட்பார். கேள்வி ஒன்றானாலும் கொடுக்க வேண்டிய பதில் ஒன்றல்ல.

வலிதான் காரணம் என்றால், 24 மணி நேரமும் எபிடியூரல், அதாவது முதுகில் மெல்லிய குழாய்வழி செலுத்தும் வலி மருந்து, கிடைக்கும் என்ற உறுதி பலருக்குப் போதுமானதாக இருக்கும். வலி நிவாரணம் கிடைக்காது என்பதே சிசேரியன் கேட்கக் காரணமாகிவிடக் கூடாது என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் கல்லூரி 2019-ல் வெளியிட்ட கருத்துரை சொல்கிறது. இரவு எட்டு மணிக்கு மேல் மயக்க மருத்துவர் இருக்க மாட்டார் என்ற மருத்துவமனையில் வலிக்குப் பயந்து ஒரு பெண் சிசேரியன் கேட்டால், அந்த முடிவை எடுத்தது அவரில்லை, மருத்துவமனையின் பணிநேர அட்டவணை.

பிரசவத்தைப் பற்றிய தீராத பயத்துக்கு டோக்கோஃபோபியா என்று பெயர். இது கோழைத்தனமில்லை, சிகிச்சை உள்ள மனநிலை. இப்படிப்பட்டவருக்கு மனநல ஆலோசனை தர முன்வர வேண்டும் என்றும், பேசிய பிறகும் அவர் சிசேரியன்தான் வேண்டும் என்றால் அதைச் செய்துதர வேண்டும் என்றும் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2011-லேயே வழிகாட்டியது. 2021-ல் புதுப்பித்த வழிகாட்டுதலிலும் அதுவே இருக்கிறது. செய்ய முடியாத குழு, செய்ய முன்வரும் மருத்துவரிடம் அனுப்பிவைக்க வேண்டும். நடைமுறையில் என்ன பிசகுகிறது? ஆலோசனையை உதவியாகத் தராமல், தாண்டி வந்தால்தான் ஆபரேஷன் என்று தடுப்புக் கட்டையாக வைக்கிறார்கள். அதையும் 36-வது வாரத்தில் வைக்கிறார்கள். அந்த நேரத்தில் ஆலோசனைக்கு மூன்று சந்திப்புக்கூடக் கிடைக்காது. கேட்பதாக இருந்தால் 28 வாரத்துக்குள் கேட்டுவிடுங்கள். கேட்ட நாளையும் வந்த பதிலையும் உங்கள் கோப்பில் எழுதச் சொல்லுங்கள்.

எத்தனை குழந்தை?

இந்தக் கேள்வியைக் கேட்காத மருத்துவமனைக்கு மற்ற எல்லாவற்றிலும் முழு மதிப்பெண் கொடுத்தாலும் நாங்கள் தேர்ச்சி போட மாட்டோம்.

காரணம் தழும்பு. கர்ப்பப்பையின் உள்சுவரில் நஞ்சுக்கும் தசைக்கும் நடுவே ஒரு மெல்லிய படலம் உருவாகி, குழந்தை பிறந்ததும் நஞ்சு கழன்று வர வழிவிடும். வெட்டி ஆறிய இடத்தில் அந்தப் படலம் சரியாக அமைவதில்லை. அடுத்த கர்ப்பத்தில் நஞ்சு அந்தத் தழும்பின்மேல் வந்து உட்கார்ந்தால், வேர் பாறையைத் துளைப்பதுபோல் தசைக்குள் இறங்கிவிடும். பிரித்தால் ரத்தம் நிற்காது. பல நேரம் கர்ப்பப்பையையே எடுக்க வேண்டிவரும்.

வலி எடுக்காமல் சிசேரியன் செய்துகொண்ட சுமார் 30,000 பெண்களை வைத்து அமெரிக்காவில் நடந்து 2006-ல் வெளியான ஆய்வு இதற்கு எண் கொடுத்தது. நஞ்சு இப்படி ஊடுருவியது முதல் சிசேரியனில் 0.24 சதவீதம், இரண்டாவதில் 0.31, மூன்றாவதில் 0.57, நான்காவதில் 2.13. மேலோட்டமாகப் பார்த்தால் சின்ன எண்கள். ஆனால் நஞ்சு கீழே இறங்கி கர்ப்பப்பை வாயை மூடியிருந்த பெண்களை மட்டும் எடுத்தால் முதல் சிசேரியனில் 3 சதவீதம், இரண்டாவதில் 11, மூன்றாவதில் 40, நான்காவதில் 61. ஒரு குழந்தையோடு நிறுத்திக்கொள்பவருக்கும் நாலு குழந்தை வேண்டும் என்பவருக்கும் ஒரே அறிவுரையைச் சொல்ல முடியாது என்பதற்கு இந்த எண்களே சாட்சி. பல பிள்ளைகள் வேண்டும் என்பவருக்கு விருப்ப சிசேரியனை அமெரிக்கக் கல்லூரி பரிந்துரைப்பதில்லை.

இதைச் சொல்லும் அதே வாயால் நன்மைகளையும் சொல்ல வேண்டும். அடிப்புறம் கிழிவதில்லை. ஆயுதப் பிரசவமும், பல மணி நேரம் வலியெடுத்த பிறகு ஓடும் அவசர சிசேரியனும் இல்லை. பின்னாளில் சிறுநீர் கசிவும் அடியிறக்கமும் குறைவு. இவை உண்மையான நன்மைகள். சுகப்பிரசவம் உயர்வு, மற்றது குறைவு என்ற தொனியில் இவற்றை மறைக்கும் டாக்டரும் தன் கடமையில் தவறுகிறார். உலக சுகாதார நிறுவனத்தின் "10 சதவீதம்" என்ற எண்ணைக் காட்டி மறுப்பதும் சரியில்லை. அது ஒரு மக்கள்தொகை முழுவதிலும் எத்தனை பிரசவம் சிசேரியனாக இருக்கலாம் என்ற கணக்கு, எதிரே உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணுக்கான பதில் இல்லை.

தேதி: 39 வாரம், ஒரு நாள்கூடக் குறையாமல்

சேவையின் தரம் மிகப் பளிச்சென்று தெரியும் இடம் இது. மருத்துவக் காரணம் இல்லாத சிசேரியன் 39 வாரம் முடியுமுன் செய்யக் கூடாது. அமெரிக்கக் கல்லூரியும் நைஸும் இதில் ஒரே குரல். பிரேசிலின் மருத்துவக் குழுமம் 2016-ல் தாயின் விருப்பத்தை ஏற்று விதி வகுத்தபோதும் 39-வது வாரத்தைத்தான் எல்லையாக வைத்தது.

வயிற்றில் இருக்கும்போது குழந்தையின் நுரையீரலில் திரவம் நிறைந்திருக்கும். கடைசி வாரங்களிலும், குறிப்பாக வலி எடுக்கும் மணிகளிலும், சுரக்கும் அட்ரினலின் அந்தத் திரவத்தை உறிஞ்சச் சொல்லிக் கட்டளையிடுகிறது. வலியே இல்லாமல் வெளியே எடுக்கப்படும் குழந்தைக்கு அந்தக் கட்டளை முழுமையாகப் போய்ச் சேர்வதில்லை. அப்படிச் சில குழந்தைகளுக்கு மூச்சு வேகமாகிறது, மூக்கு விரிகிறது, முனகல் வருகிறது, தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போக நேர்கிறது. ஒரு வாரம் எவ்வளவு வித்தியாசம் செய்யும்? நாள் குறித்துச் செய்த மறு சிசேரியன்களைப் பற்றி 2009-ல் வெளியான பெரிய ஆய்வில், குழந்தைக்கு ஏதாவது ஒரு சிக்கல் வந்தது 37-வது வாரத்தில் 15.3 சதவீதம், 38-ல் 11 சதவீதம், 39-ல் 8 சதவீதம்.

"37 ஆகிவிட்டதே, முழு மாதம்தானே" என்று யாராவது சொன்னால் அது பழைய பேச்சு. 37 முதல் 38 வாரம் 6 நாள் வரையிலான காலத்துக்கு 2013-லிருந்து தனிப் பெயரே உண்டு: முன்கூட்டிய முழுமாதம். அதுவும் 39 வாரத்து முழுமாதமும் ஒன்றல்ல என்பதற்காகவே அந்தப் பெயர்.

கணக்கை நீங்களே சரிபார்க்கலாம். எதிர்பார்க்கும் பிரசவத் தேதியிலிருந்து ஏழு நாள் பின்னால் போனால் 39 வாரம் 0 நாள். ஆனால் எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது என்பதில்தான் தவறு நடக்கிறது. முதல் மூன்று மாதத்தில் குழந்தையின் தலை முதல் பிட்டம் வரை அளந்து சொன்ன தேதியே நம்பகமானது. கடைசி மாத ஸ்கேனில் "குழந்தை பெரிதாக இருக்கிறது, 39 வாரம் காட்டுகிறது" என்பது குழந்தையின் பருமன், வயது இல்லை. அதை வைத்துத் தேதியை முன்னே இழுக்கும் மருத்துவமனையிடம் முதல் ஸ்கேன் தாளை நீட்டுங்கள்.

சில இடங்களில் 37 அல்லது 38-ல் நாள் குறித்துவிட்டு, ஈடுகட்ட ஸ்டீராய்டு ஊசி போடுகிறார்கள். மூச்சுத் திணறல் ஓரளவு குறையும், ஆனால் பிறந்த குழந்தையின் சர்க்கரை தாழும் அபாயம் கூடும். ஒரு வாரம் காத்திருந்தால் ஊசியே வேண்டியதில்லை.

தேதியை முன்னால் இழுக்க மருத்துவமனைகள் சொல்லும் நியாயம், "அதற்குள் வலி வந்துவிட்டால்?" என்பது. நியாயமான கேள்விதான். 39-வது வாரத்தில் நாள் குறித்தவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு அதற்கு முன்பே வலி வந்துவிடும். இதற்குப் பதில் எழுத்தில் உள்ள மாற்றுத் திட்டம்: நள்ளிரவில் பனிக்குடம் உடைந்தால் எந்த எண்ணுக்குக் கூப்பிடுவது, வந்ததும் யார் பார்ப்பார், அப்போதும் சிசேரியன்தானா, கர்ப்பப்பை வாய் நன்றாகத் திறந்து தலை இறங்கிவிட்டிருந்தால் என்ன செய்வது. அந்தத் தாளைக் கேட்டும் கொடுக்காத மருத்துவமனையில் இரவுப் பணியில் இருப்பவருக்கு உங்கள் விருப்பம் தெரியவே தெரியாது. வாக்குவாதம் பிரசவ அறை வாசலில் நடக்கும்.

ஆபரேஷன் காலை

ஹீமோகுளோபின் சோதனையை முந்தின நாள் செய்து பயனில்லை. நாலைந்து வாரம் முன்பே பார்த்து, குறைவென்றால் இரும்புச்சத்து கொடுத்து ஏற்ற வேண்டும். நாள் குறித்துச் செய்வதன் பெரிய அனுகூலமே இந்த அவகாசம்தான். அதைப் பயன்படுத்தாத இடம் ஏராளம்.

பட்டினி விஷயத்தில் இன்னும் பழைய வழக்கம் ஓடுகிறது. திட உணவு ஆறு மணி நேரம் முன்பு நிறுத்தினால் போதும். தண்ணீர், பால் கலக்காத டீ போன்ற தெளிந்த பானங்களை இரண்டு மணி நேரம் முன்புவரை குடிக்கலாம். "இரவு பத்து மணிக்கு மேல் சொட்டுத் தண்ணீர் கூடாது" என்று எல்லோருக்கும் ஒரே சீட்டைக் கொடுத்தால், பகல் பன்னிரண்டு மணிக்கு மேசைக்கு வரும் பெண் பதினான்கு மணி நேரம் வறண்டு கிடந்து வருவார். நரம்பு கிடைக்காது, தலை சுற்றும். அவசர கேஸ் உள்ளே நுழைந்தால் உங்கள் நேரம் தள்ளிப்போவது சகஜம், அதில் குறை சொல்ல இடமில்லை. தள்ளிப்போகிறது என்று வந்து சொல்லி, "இப்போது தண்ணீர் குடிக்கலாம்" என்று சொல்லும் நர்ஸ் இருக்கிறாரா என்பதே வித்தியாசம்.

முடியை ரேசரால் மழிக்கக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் கிருமி குடியேறும். தேவைப்பட்டால் கிளிப்பரால் கத்தரித்தால் போதும். ஆன்டிபயாடிக், வழக்கமாக செஃபசோலின் 2 கிராம், தோலைக் கீறுவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் உடலில் இருக்க வேண்டும். குழந்தையை எடுத்துக் கொடியைக் கட்டிய பிறகு போடும் பழைய முறையில் தாய்க்குத் தொற்று அதிகம். வயிற்றில் தடவும் ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்சிடின் கிருமிநாசினி மூன்று நிமிடமாவது காய வேண்டும். ஈரத்தோடு மின்கத்தி வைத்தால் தீப்பிடிக்கும்.

ஒப்புதல் படிவத்தைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். பல இடங்களில் அது வரும் விதம் இப்படி: தள்ளுவண்டியில் படுத்தாயிற்று, கையில் ட்ரிப்ஸ் ஏறுகிறது, தியேட்டர் கதவு பாதி திறந்திருக்கிறது. அட்டையில் செருகிய தாள் முகத்துக்கு மேலே நீள்கிறது. "ரத்தப்போக்கு, தொற்று, மயக்க மருந்தின் விளைவுகள், உயிரிழப்பு உள்ளிட்டவை விளக்கப்பட்டன" என்று ஒரே வரி. கீழே பெருக்கல் குறி போட்டு, இங்கே கையெழுத்து. ட்ரிப்ஸ் ஏறாத கையால், படுத்தவாக்கில் போடும் அந்தக் கோணல் கையெழுத்துக்குப் பெயர் ஒப்புதல் இல்லை. இன்னொரு வழியும் இருக்கிறது, அதனால் இன்ன ஆபத்து வரலாம் என்று அந்த நோயாளிக்கு முக்கியமாகத் தோன்றக்கூடியதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று 2015-ல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் மாண்ட்கமரி வழக்கில் தீர்ப்பளித்தது. அந்த வழக்கும் ஒரு பிரசவத்தைப் பற்றியதுதான், சிசேரியன் என்ற வழியைத் தாயிடம் பேசாமல் விட்டதைப் பற்றியது. படிவத்தை ஒரு வாரம் முன்பே வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் மருத்துவமனைக்கு எங்கள் முழு மதிப்பெண்.

மேசையில்

முதுகில் போடும் ஸ்பைனல் ஊசிதான் வழக்கம். பென்சில் முனைபோன்ற 25 முதல் 27 கேஜ் மெல்லிய ஊசி, மரத்துப்போகச் செய்யும் 0.5 சதவீத ஹெவி புபிவாகெய்ன் 2 முதல் 2.5 மில்லி, அதோடு சிறிது ஃபென்டானில், 100 மைக்ரோகிராம் அளவில் மார்ஃபின். மார்ஃபின் சேர்ந்தால் ஏறத்தாழ ஒரு நாள் முழுக்க வலி மட்டுப்படும், அரிப்பு வரலாம். ஊசி போட்ட சில நிமிடங்களில் ரத்த அழுத்தம் சரியும். குமட்டல்தான் முதல் அறிகுறி. அழுத்தத்தை உயர்த்தும் ஃபினைலெஃப்ரின் சொட்டை முன்கூட்டியே ஓடவிட்டு, மேசையை இடப்பக்கம் 15 டிகிரி சாய்த்துவைக்கும் குழுவிடம் வாந்தி குறைவு.

இங்கே ஒரு ஐந்து நிமிடத்தை நிதானமாகக் கவனிக்க வேண்டும். மயக்க மருத்துவர் குளிர்ந்த ஸ்ப்ரேயை முதலில் உங்கள் தோளில் அடித்து, "இந்தக் குளிர்ச்சியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்" என்பார். பிறகு தொடையிலிருந்து மேல்நோக்கி, வலமும் இடமும் தனித்தனியாக அடித்துக்கொண்டே வருவார். ஈரம் தெரியும், குளிர் தெரியாது. குளிர் மட்டும் பார்த்து நிறுத்தக் கூடாது. மெல்லத் தொட்டும் பார்க்க வேண்டும். தொடுவது தெரியாத எல்லை மார்புக் காம்புக்குச் சற்றுக் கீழ்வரை ஏறியிருக்க வேண்டும். இடுப்புவரை மரத்துவிட்டதே என்று அவசரப்பட்டுக் கத்தி வைத்தால், கீறும்போது ஒன்றும் தெரியாது. கர்ப்பப்பையை இழுக்கும்போதும் வயிற்றின் உள்ளுறையைத் துடைக்கும்போதும்தான் தெரியும். அந்த நேரத்தில் "அது அழுத்தம்தான் அம்மா, வலி இல்லை" என்று வாயை மூடவைப்பது இந்தச் சேவையில் நாங்கள் மன்னிக்கத் தயாராக இல்லாத குறை. இழுப்பதும் அழுத்துவதும் தெரியும், அது இயல்பு. கூர்மையாக வலித்தால் அறுவையை நிறுத்தி மருந்து கொடுக்க வேண்டும், போதாவிட்டால் முழு மயக்கம் தர முன்வர வேண்டும். வலி என்று சொன்னால் என்ன செய்வீர்கள் என்று முந்தின நாளே கேட்டுவையுங்கள்.

அதற்குப் பிறகு வேலை வேகமாக நடக்கும். பூப்பெலும்புக்கு மேல் இரண்டு விரல் அகலத்தில், குறுக்கே 12 முதல் 15 சென்டிமீட்டர் கீறல். தோல், கொழுப்பு, தசையுறை வெட்டப்படும். நேர்த்தசைகளை வெட்டாமல் பக்கவாட்டில் விலக்குவார்கள். மூத்திரப்பையைக் காத்து, கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்கே திறப்பு. கீறலிலிருந்து ஐந்து பத்து நிமிடத்தில் குழந்தை வெளியே. மொத்தம் 40 நிமிடம் முதல் ஒரு மணி நேரம், தையலுக்கே பெரும்பகுதி. நூறில் ஒன்றிரண்டு குழந்தைகளுக்குத் தோலில் சிறு கீறல் விழலாம். இதையும் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

அவசரம் இல்லாத ஆபரேஷன் என்பதால் சில நல்ல காரியங்களைச் செய்ய இங்கே நேரம் உண்டு. தொப்புள்கொடியை ஒரு நிமிடமாவது விட்டுவைத்துக் கட்டலாம். நஞ்சைக் கைவிட்டுப் பிய்க்காமல், கொடியை மெல்ல இழுத்து வரவைத்தால் தொற்று குறையும். கர்ப்பப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்ஸிடோசின் 5 யூனிட்டை மெதுவாகச் செலுத்த வேண்டும், ஒரே அழுத்தாகத் தள்ளினால் ரத்த அழுத்தம் விழும். அதற்குப் பதிலாக கார்பெடோசின் 100 மைக்ரோகிராம் கொடுக்கும் இடங்களும் உண்டு. தோலுக்கு உள்தையல், ஸ்டேப்ளரைவிடப் பிரிவது குறைவு. கொழுப்பு 2 சென்டிமீட்டருக்கு மேல் தடிமன் என்றால் அதற்கும் தனித் தையல் போட வேண்டும்.

குழந்தையைத் தாயின் மார்பில் தோலோடு தோலாக வைப்பது மேசையிலேயே முடியும். இதற்குத் தேவை காசில்லை: ஈசிஜி ஒட்டுகளை மார்பிலிருந்து தோளுக்கு மாற்றுவது, முன்பக்கம் திறக்கும் அங்கியைப் போடுவது, ஒரு கையைக் கட்டாமல் விடுவது, காய்ந்த துணியும் தொப்பியும், கூடவே குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு நர்ஸ். "தியேட்டரில் குளிர், அதனால் முடியாது" என்பார்கள். குளிர்பதனத்தைக் குறைக்கும் பொத்தான் அதே சுவரில்தான் இருக்கிறது.

வார்டில்

வலி மருந்தை எப்படிக் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். பாராசிட்டமால் 1 கிராம் ஆறு மணிக்கொருமுறை, ஒவ்வாமையோ வேறு தடையோ இல்லாவிட்டால் இபுபுரூஃபன் 400 மில்லிகிராம் எட்டு மணிக்கொருமுறை, கடிகாரம் பார்த்துத் தானாக வர வேண்டும். "வலித்தால் கூப்பிடுங்கள்" என்ற முறையில் வலி ஏறிய பிறகே மருந்து வரும், எழுந்து நடக்க முடியாது, நடக்காவிட்டால் காலில் ரத்தம் உறையும் ஆபத்து கூடும். கோடீன் கலந்த மாத்திரையைத் தாய்ப்பால் கொடுப்பவருக்கு எழுதினால் மறுத்துக் கேளுங்கள். சிலர் உடலில் அது வேகமாக மார்ஃபினாக மாறிப் பால்வழியே குழந்தைக்குப் போகும்.

காற்று பிரியும்வரை சாப்பாடு இல்லை என்ற வழக்கத்துக்கு ஆதாரம் கிடையாது. குமட்டல் இல்லாவிட்டால் சில மணி நேரத்திலேயே சாப்பிடத் தொடங்கலாம். யூரின் டியூபும் நடக்கத் தொடங்கியதும் போய்விட வேண்டும், வார்டு வசதிக்காக இரண்டாம் நாள்வரை வைத்திருந்தால் சிறுநீர்த் தொற்றுதான் மிச்சம். முதல் இரண்டு மணி நேரம் அடிக்கடி வந்து கர்ப்பப்பை கல்போல் இறுகியிருக்கிறதா, பேட் எவ்வளவு நனைந்திருக்கிறது என்று பார்க்கும் நர்ஸ் இருந்தால் அந்த வார்டை நம்பலாம்.

வலி எடுக்காமல் பிறந்தால் பால் ஊறச் சற்றுத் தாமதமாகும். அதற்காகப் புட்டிப்பாலை வழக்கமாக்கிவிட்ட வார்டுகள் உண்டு. தேவை உடனிருந்து உதவும் ஆள். தையல்மேல் பாரம் படாமல் ஒருக்களித்துப் படுத்தோ, குழந்தையை அக்குளுக்குக் கீழே பக்கவாட்டில் பிடித்தோ கொடுக்கச் சொல்லித்தர வேண்டும், முதல் மணி நேரத்திலேயே.

கையில் கொடுக்கும் தாள்

ஸ்பைனல் ஊசியால் வரும் தலைவலி பெரும்பாலும் ஓரிரு நாள் கழித்து, சிலருக்கு வீடு போன பிறகே தொடங்கும். உட்கார்ந்தால் மண்டை பிளக்கும், படுத்தால் தணியும். அதற்குக் காபியும் மாத்திரையும் போதாவிட்டால், சொந்த ரத்தத்தையே முதுகில் செலுத்தி அடைக்கும் சிகிச்சை உண்டு. தையலில் சீழும் காய்ச்சலும் வீட்டில்தான் தெரியவரும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ ரத்தம் உறைந்திருக்கலாம், உடனே ஓட வேண்டும். இவை மூன்றும் தொலைபேசி எண்ணோடு டிஸ்சார்ஜ் தாளில் இருக்கின்றனவா என்று படித்துப் பாருங்கள்.

அந்தத் தாளில் "சிசேரியனுக்கான காரணம்" என்று ஒரு கட்டம் இருக்கும். பல மருத்துவமனைகள் அதில் "தாயின் விருப்பம்" என்று எழுதுவதில்லை. "இடுப்பு குறுகல்", "கழுத்தில் கொடி சுற்றியிருந்தது", "பனிநீர் குறைவு" என்று ஏதாவது ஒன்றை நிரப்புகிறார்கள். கேள்வி வராமல் இருக்க இது வசதி. ஆனால் அடுத்த கர்ப்பத்தில் அந்தப் பெண் சுகப்பிரசவத்துக்கு முயல விரும்பினால், "இடுப்பு குறுகல்" என்ற பொய் அந்தக் கதவைச் சாத்திவிடும். ஒருமுறை குறுக்குக் கீறல் போட்டவருக்கு அடுத்த முறை வலியெடுத்தால் தழும்பு பிரியும் வாய்ப்பு இருநூறில் ஒன்று என்ற அளவுதான், முயல வழி உண்டு. மருத்துவமனையின் கணக்கும் இதே பொய்யால்தான் கெடுகிறது. எந்த வகைப் பெண்களுக்கு எத்தனை சிசேரியன் என்று பத்துப் பிரிவாகப் பார்க்கும் ராப்சன் வகைப்பாட்டை எல்லா மருத்துவமனைகளும் பயன்படுத்த வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது. மொத்த விழுக்காட்டைக் கேட்டால் ஒன்றும் புரியாது. முதல் பிரசவம், தலை கீழே, முழு மாதம், தானாக வலி வந்தவர்களில் எத்தனை பேருக்கு சிசேரியன் என்று கேளுங்கள். உடனே எண் சொல்லும் மருத்துவமனை தன் வேலையைக் கவனிக்கிறது என்று அர்த்தம்.

கிளம்புமுன் ஆபரேஷன் குறிப்பின் நகலையும் கேட்டு வாங்குங்கள். கர்ப்பப்பையில் குறுக்குக் கீறலா நெடுக்குக் கீறலா, ஓர் அடுக்குத் தையலா இரண்டா, எவ்வளவு ரத்தம் போனது, நஞ்சு எங்கே ஒட்டியிருந்தது என்று அதில் நாலு வரி இருக்கும். நாலு வருடம் கழித்து வேறொரு ஊரில், வேறொரு டாக்டர் முன்னால் அடுத்த கர்ப்பத்தோடு உட்காரும்போது, நஞ்சு தழும்பின்மேல் வந்திருக்கிறதா என்று ஸ்கேனில் குறிப்பாகத் தேட அவருக்கு அந்த நாலு வரி வேண்டும்.